ஓடிப்போய் நிறுத்தினது நான்தான்

நீங்க இந்தப் பக்கம் உட்காருங்க சார், ஜன்னல்ல வெயில் அடிக்குது. எனக்குப் பரவாயில்லை. இருபத்திரண்டு வருஷம் உலைக்குப் பக்கத்துல நின்னவன், இந்த வெயில் என்ன பண்ணிடும்.

இன்னைக்கு என் தங்கச்சி பொண்ணுக்குக் கல்யாணம் சார். ஒண்ணுவிட்ட தங்கச்சி இல்லை, கூடப் பிறந்தவ. நான் தாய்மாமன். தாலி கட்டி ஒரு மணி நேரம்கூட ஆகலை, அங்க பந்தி நடந்துக்கிட்டிருக்கு, நான் இந்த பஸ்ல உட்கார்ந்திருக்கேன். எங்கேயாவது நடக்குமா இது? மாமன் செய்ய வேண்டிய முறையெல்லாம் பெரியப்பா மகன் ஒருத்தன் செஞ்சான். பத்து வருஷமா அந்த வீட்டு வாசப்படி மிதிக்காதவன். அவனைக் கூப்பிட்டு நிறுத்தியிருக்கா. என்னைக் கூப்பிடலை. பத்திரிகைகூட வைக்கலை.

என்ன தப்பு பண்ணேன்னு நீங்களே சொல்லுங்க. முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்க.

என் பேர் தணிகாசலம். கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு கம்பி மில்லுல எலெக்ட்ரிகல் ஃபோர்மேன். இருந்தேன். மில்லு பேர் வேணாம் விடுங்க, உப்பைத் தின்ன இடம். வீடு கட்ட கம்பி வாங்குறோமே, அது அங்கதான் வருது. இரும்புக் கட்டையை உலையில போட்டுப் பழுக்கக் காய்ச்சி, ஜோடி ஜோடியா உருளை நிக்கும், அதுக்கு நடுவுல விடுவோம். ஒவ்வொரு ஜோடியா தாண்டத் தாண்ட இளைச்சு, நீண்டு, கடைசியில விரல் தடிமனுக்கு ஓடும். செக்கச் செவேல்னு. புதுசா வர்றவன் வாயைப் பிளந்துக்கிட்டுப் பார்ப்பான்.

உருளையைச் சுத்த வைக்க மோட்டார் பக்கத்துலருந்து ஒரு தண்டு வரும். ஸ்பிண்டில்னு சொல்வோம். என் தொடை தடிமன் இருக்கும். அது மேல தகடுல ஒரு மூடி. மூடி இருக்கற வரைக்கும் பக்கத்துல சாய்ஞ்சு நின்னு பேசலாம், ஒண்ணும் ஆகாது. அப்புறம் ஒரு கயிறு. மில்லு நீளத்துக்கும் இடுப்பு உயரத்துல சிவப்பா கட்டியிருக்கும். யாருக்கு என்ன ஆனாலும், எங்க நின்னாலும் அதைப் பிடிச்சு இழுத்தா போதும். மோட்டார் ஆஃப் ஆகி, பிரேக் பிடிச்சு, நாலு சுத்துல நின்னுடும்.

என் தங்கச்சி வீட்டுக்காரர் ஏழுமலை. அவரைச் சேர்த்துவிட்டதே நான்தான். முன்னாடி ஷேர் ஆட்டோ ஓட்டிக்கிட்டிருந்தார். கோமளா, அதான் என் தங்கச்சி, விடாம சொல்லிக்கிட்டே இருப்பா. "அண்ணா, நிலையா ஒரு வேலை வாங்கிக் குடுண்ணா, இவர் எப்ப வருவார் எப்ப போவார்னே தெரியலை." சரின்னு மேனேஜர் பிரபாகர் சார்கிட்ட பேசி கான்ட்ராக்ட்ல உள்ள எடுத்தேன். ஆறு மாசத்துல பர்மனென்ட் ஆக்கிடலாம்னு சார் சொன்னார். ரெண்டு வருஷம் ஆச்சு, ஆக்கலை. அது வேற.

ஏழுமலை அதிகம் பேச மாட்டார். ஆனா எதையும் ரெண்டு தடவை கேட்பார். மொத நாள் உள்ள கூட்டிட்டுப் போறேன், "மச்சான், இந்தக் கயிறு எதுக்கு?"ன்னார். சொன்னேன். "நிஜமாவே நின்னுடுமா?"ன்னார். அந்த நேரம் கட்டை ஓடலை, சும்மா சுத்திக்கிட்டிருந்துச்சு. "நீங்களே இழுத்துப் பாருங்க மாப்பிள்ளை"ன்னேன். இழுத்தார். நின்னுடுச்சு. சிரிச்சார். எந்த ஃபோர்மேன் சார் புது ஆளுக்கு இப்படிச் சொல்லிக் குடுப்பான்? நான் குடுத்தேன்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி, பொங்கல் முடிஞ்ச கையோட ஒரு பெரிய ஆர்டர் வந்துச்சு. ஏதோ பாலம் கட்டுறாங்க. மார்ச்சுக்குள்ள முடிச்சாகணும். மூணு ஷிஃப்டும் ஓடுது. அந்த நேரம் பார்த்துக் கயிறு சுவிட்ச் மக்கர் பண்ண ஆரம்பிச்சுது. உள்ள தூசி, அதிர்வு வேற. யாரும் தொடாமலே தானா ட்ரிப் ஆகி மில்லு நின்னுடும். ட்ரிப் ஆனா என்ன ஆகும்? ஓடிக்கிட்டிருக்கற கம்பி உருளைக்குள்ளயே ஆறி இறுகிடும். கேஸ் கட்டர் வச்சு அறுத்து எடுக்கணும். ரெண்டு மணி நேரம் போச்சு. ஒரு வாரத்துல ஒன்பது தடவை.

பிரபாகர் சார் என்னைக் கூப்பிட்டார். "தணிகாசலம், நீ என்ன பண்ணுவியோ எனக்குத் தெரியாது. இன்னொரு தடவை நிக்கக் கூடாது"ன்னார். புது சுவிட்ச் வேணும்னு எழுதிக் குடுத்தேன் சார். ரெண்டு தடவை எழுதிக் குடுத்தேன். அது எவன் கண்ணுக்கும் தெரியலை. வரலை. நான் என்ன பண்றது? பேனலைத் திறந்து ஒரு துண்டு வயரை மாட்டினேன். இத்தனூண்டு வயர். சுவிட்ச் இருக்கும், ஆனா இல்லாத மாதிரி. கயிறு தொங்கும், அவ்வளவுதான். எல்லா மில்லுலயும் இருக்கறதுதான். நீங்க எந்த மில்லுல வேணா போய்ப் பாருங்க.

அதுக்கப்புறம் ஒரு தடவைகூட நிக்கலை. பிரபாகர் சார் எல்லார் முன்னாடியும் என் தோள்ல தட்டினார்.

மூடியும் அதே மாதிரிதான். தண்டுக்குத் தினமும் கிரீஸ் வைக்கணும். மூடியில எட்டு போல்ட். கழட்டி மாட்ட அரை மணி நேரம், அதுக்கு மில்லை நிறுத்தணும். யார் நிறுத்த விடுவாங்க? கழட்டிப் பின்னாடி பழைய இரும்பு போடுற இடத்துல போட்டுட்டாங்க. நான் கழட்டலை. மெக்கானிகல் ஆளுங்க கழட்டினது. இதை மட்டும் நல்லா ஞாபகம் வச்சுக்குங்க. மூடிக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை.

டிக்கெட்டா? எடுத்தாச்சுங்க, ஊத்துக்கோட்டையிலேயே எடுத்துட்டேன். இந்தாங்க.

எங்க விட்டேன்? ஆங். பிப்ரவரி கடைசி. காலையில பத்தரை இருக்கும். நான் கேன்டீன் வாசல்ல டீ குடிச்சுக்கிட்டிருக்கேன். உள்ளேருந்து ஒரு சத்தம். மில்லு சத்தத்துல மனுஷன் சத்தம் கேட்காது சார், அது கேட்டுச்சு. பீகார்க்காரப் பையன் ஒருத்தன், சுக்தேவ்னு பேர், வாசலுக்கு ஓடி வந்து என்னைப் பார்த்துக் கையை ஆட்டி, "பந்த் கரோ! பந்த் கரோ!"ன்னு கத்துறான். எனக்கு இந்தி தெரியாது, அது மட்டும் தெரியும், நிறுத்துன்னு அர்த்தம். டம்ளரைப் போட்டுட்டு ஓடினேன். ஓடறப்ப பக்கவாட்டுல பார்த்தேன். தண்டுக்கிட்ட ஏழுமலை. துண்டு மாட்டியிருக்கு. துண்டோட கையும்.

அதுக்கு மேல உங்களுக்கு வேணாம். சாப்பிட்டுட்டு வந்திருப்பீங்க.

நான் நேரா பேனல் ரூமுக்கு ஓடினேன். மெயினைத் தட்டிவிட்டேன். மொத்த மில்லும் நின்னுச்சு. அப்படி ஒரு அமைதியை நான் அந்த இடத்துல கேட்டதே இல்லை. நான் போகலைன்னா அன்னைக்கு அந்த ஆள் இல்லை. கை போச்சு, ஒத்துக்கறேன். வலது கை, தோளோட போச்சு. உயிர் இருக்கா இல்லையா? டாக்டரே சொன்னார், இன்னும் ஒரு நிமிஷம் ஆகியிருந்தா கொண்டு வந்திருக்கவே வேணாம்னு. அந்த ஒரு நிமிஷத்தைக் குடுத்தது யாரு? அதை யாரும் பேச மாட்டேங்கறாங்க.

ஆம்புலன்ஸ் போன உடனே பிரபாகர் சார் ஆபீசுக்குக் கூப்பிட்டார். "நாளைக்குக் காலையில ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வந்துடுவார். மூடி இருக்கணும். கயிறு வேலை செய்யணும். ரெஜிஸ்டர் சரியா இருக்கணும். உன் மாப்பிள்ளைக்கு நாங்க பார்த்துக்கறோம், மில்லு மூடினா முந்நூறு பேர் தெருவுல நிப்பாங்க, யோசிச்சுக்கோ"ன்னார். யோசிச்சேன் சார். முந்நூறு குடும்பம். பீகார்க்காரப் பையனை அன்னைக்கே ரயிலேத்தி ஊருக்கு அனுப்பிட்டாங்க. பாவம், அவனும் பயந்துட்டான்.

மூடியைக் கொண்டு வந்தோம். துரு பிடிச்சிருந்துச்சு, தேய்ச்சு மஞ்சள் பெயின்ட் அடிச்சோம். புதுசா இருக்கக் கூடாதுன்னு மேல கொஞ்சம் கிரீஸும் தூசியும் தடவினேன். பேனல்ல வயரை எடுத்தேன். வேற மில்லுலருந்து ஒரு சுவிட்ச் கடன் வாங்கி வந்து மாட்டினோம். ஒரு மாசமா எழுதிக் கேட்ட சுவிட்ச், ரெண்டு மணி நேரத்துல வந்துச்சு பாருங்க. அப்புறம் ரெஜிஸ்டர். தினமும் கயிறை இழுத்துப் பார்த்தோம், சரியா இருக்குன்னு கையெழுத்துப் போடணும். மூணு மாசத்துக்குப் போடணும். ஒரே பேனாவுல எழுதினா கண்டுபிடிச்சுடுவாங்க. மூணு பேனா வச்சுக்கிட்டேன். நடுவுல ஒரு நாள் கையெழுத்தை மறந்த மாதிரி விட்டு, மறுநாள் சேர்த்துப் போட்டேன். ஒரு பக்கத்துல டீ டம்ளரை வச்சு எடுத்தேன், வட்டமா கறை விழட்டும்னு. வேலைன்னா அப்படிச் செய்யணும் சார். எதைச் செஞ்சாலும் திருத்தமா செய்வேன், அது என் பழக்கம்.

எல்லாம் முடிச்சுட்டு சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கோமளா வராண்டாவுல தரையில உட்கார்ந்திருந்தா. பொண்ணு யாமினி அவ தோள்ல சாய்ஞ்சிருக்கு. என்னைப் பார்த்த உடனே எழுந்து ஓடி வந்து என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டா. "நீதான் காப்பாத்தினியாமே அண்ணா, சொன்னாங்கண்ணா"ன்னு அழுதா. அப்புறம் கையைப் பார்த்தா.

"என்னண்ணா இது மஞ்சளா?"

"பெயின்ட்டும்மா."

"இன்னைக்கு என்ன பெயின்ட் அடிச்சே?"

"மில்லு வேலை, உனக்குச் சொன்னா புரியாது"ன்னேன். கையை விட்டுட்டா.

இன்ஸ்பெக்டர் வந்தார். மூடியைத் தட்டிப் பார்த்தார். கயிறை அவரே இழுத்தார். டக்குனு நின்னுச்சு. ரெஜிஸ்டரைப் புரட்டினார், அந்த டீக்கறைப் பக்கத்துல ஒரு நிமிஷம் நின்னுட்டு அடுத்த பக்கம் திருப்பினார். தொழிலாளி சொல்லுக்குக் கட்டுப்படாம தானே மூடியைக் கழட்டி, கழுத்துல துண்டோட உள்ள போனதுதான் காரணம்னு ஆச்சு. துண்டு போட்டிருந்தது உண்மைதானே? உலை வேலையில துண்டு இல்லாம முகம் எப்படித் துடைப்பான்னு கேட்பீங்க. அது சரி. ஆனா விதி விதிதான்.

அப்படி எழுதின காகிதம் கோமளா கைக்குப் போச்சு. நேரா என் வீட்டுக்கு வந்தா. உட்காருன்னு என் வீட்டுக்காரி சொன்னா, உட்காரலை.

"அண்ணா, இவர் எதுக்கு அங்க போனார்?"

"கிரீஸ் வைக்க."

"யார் அனுப்பினது?"

இதென்ன கேள்வி? நான்தான் அனுப்பினேன். "மாப்பிள்ளை, டீக்கு முன்னாடி கிரீஸ் வச்சுட்டு வந்துடுங்க"ன்னேன். தினமும் சொல்றதுதான். அன்னைக்கு மட்டும் புதுசாவா சொன்னேன்? நூறு தடவை போயிட்டு நல்லபடியா திரும்பி வந்திருக்கார். அதைச் சொன்னேன். அவ கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. "நீ அனுப்பிட்டு, அவரே போனார்னு எழுதிக் குடுத்தியாண்ணா?"ன்னா. "நான் எழுதலை, கம்பெனி எழுதினது, நான் கையெழுத்துதான் போட்டேன்"ன்னேன். போயிட்டா.

நஷ்டஈடு கேஸ் போட்டா. கம்பெனி தரப்புக்கு நான்தான் முக்கியமான சாட்சி. அதுக்கே ரெண்டு வருஷம் இழுத்துச்சு. கோர்ட்டுல ஒரு பக்கம் கோமளாவும் ஏழுமலையும். அவர் சட்டையோட வலது கையை மடிச்சு ஊக்கு குத்தியிருந்தா. நான் அந்தப் பக்கம் பார்க்கலை. கம்பெனி வக்கீல் கேட்டார், மூடி இருந்துச்சா? இருந்துச்சு. கயிறு வேலை செஞ்சுதா? செஞ்சுது. தினமும் சோதிச்சீங்களா? சோதிச்சேன். முடிஞ்சுது.

அப்புறம் அவங்க தரப்பு வக்கீல் எழுந்தா. சின்னப் பொண்ணு சார், என் பொண்ணு வயசுதான் இருக்கும். குரலே எழும்பலை. "ஐயா, நீங்கதான் அவரைக் காப்பாத்தினீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. அது எப்படின்னு கொஞ்சம் சொல்லுங்களேன்"ன்னா. மொத மொதலா ஒருத்தர் கேட்கறாங்க. சொன்னேன். கேன்டீன்லருந்து எப்படி ஓடினேன், எவ்வளவு தூரம், எப்படி மெயினைத் தட்டினேன், எல்லாம் சொன்னேன். ஜட்ஜம்மாவே பேனாவைக் கீழ வச்சுட்டுக் கேட்டாங்க.

"அவ்வளவு தூரம் ஓடினீங்களா ஐயா? பெரிய விஷயம். அந்தக் கயிறு எங்க இருந்துச்சு?"

"தண்டுக்குப் பக்கத்துலயேதான், கை எட்டுற தூரம்."

"அப்ப அங்க நின்ன சுக்தேவ் அதை இழுக்காம வேடிக்கை பார்த்துக்கிட்டு இருந்தாரா?"

எனக்கு வந்துச்சு பாருங்க கோபம். அந்தப் பையன் அப்படிப்பட்டவன் இல்லை. ஊர் விட்டு ஊர் வந்து உழைச்ச பையன், ரயிலேறறதுக்கு முன்னாடி நடந்ததையெல்லாம் கையைக் காட்டி என்கிட்டச் சொல்லிட்டுப் போனவன். "அபாண்டமா பேசாதீங்கம்மா, அவன் மூணு தடவை இழுத்தான்"னு சொல்லிட்டேன்.

கம்பெனி வக்கீல் என்னைப் பார்க்கறார். அந்தப் பொண்ணு, "அவ்வளவுதான் ஐயா, நன்றி"ன்னு உட்கார்ந்துட்டா. அப்பதான் நான் என்ன சொன்னேன்னு எனக்கே காதுல விழுந்துச்சு. கோமளா முகத்தை மூடிக்கிட்டு அழறா. ஜெயிச்சாச்சு, எதுக்கு அழணும்?

கம்பெனி என்ன பண்ணுச்சு தெரியுமா? "வயர் மாட்டினது எங்களுக்குத் தெரியவே தெரியாது, ஃபோர்மேன் தன்னிச்சையா செஞ்சது"ன்னு பிரபாகர் சார் எழுதிக் குடுத்துட்டார். என் தோள்ல தட்டின அதே கைதான். வேலை போச்சு. இப்ப என் மேல தனியா ஒரு கேஸ் நடக்குது. நான் எழுதிக் குடுத்த அந்த ரெண்டு காகிதமும் ஆபீசுல இல்லையாம். மூணு பேனாவுல எழுதின ரெஜிஸ்டர் மட்டும் பத்திரமா இருக்கு.

கேஸை கோமளா ஜெயிச்சா. எதனால ஜெயிச்சா? நான் சொன்ன அந்த ஒரு வார்த்தையால. அது இல்லைன்னா அவ கையில என்ன இருந்துச்சு? என் பொழைப்பைக் குடுத்து அவளை ஜெயிக்க வச்சிருக்கேன் சார். வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லை? ஒரு வருஷம் காத்திருந்தேன். வரலை. யாமினிக்குக் கல்யாணம்னு ஊர்ல யாரோ சொல்லித்தான் தெரியும்.

கூப்பிடலைன்னா என்ன, என் கடமைன்னு ஒண்ணு இருக்குன்னு புடவை எடுத்துக்கிட்டு இன்னைக்குக் காலையில போனேன். மண்டப வாசல்ல ஏழுமலைதான் நின்னு எல்லாரையும் வரவேற்கறார். என்னைப் பார்த்தார். முகம் மாறலை. "வாங்க மச்சான்"னார். புடவையை இடது கையால வாங்கி, பக்கத்துல நின்ன பொம்பளைகிட்டக் குடுத்தார். மேடையில கோமளா என்னைப் பார்த்தா. பார்த்துட்டுத் திரும்பிக்கிட்டா. கெட்டிமேளம் கொட்டுச்சு. நான் கடைசி வரிசையில நின்னு அட்சதை போட்டேன். மேடை வரைக்கும் போகாது, முன்னாடி இருந்தவங்க தலையிலதான் விழுந்துச்சு.

அப்புறம் ஏழுமலையே வந்து பந்தியில உட்கார வச்சார். பக்கத்து நாற்காலியில அவரும் உட்கார்ந்தார். மனசு தாங்கலை, கேட்டுட்டேன். "மாப்பிள்ளை, மத்ததெல்லாம் விடுங்க. அன்னைக்கு நான் ஓடி வந்தேனா இல்லையா? அதை அவகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அவர் ரொம்ப மெதுவாத்தான் பேசினார். "சொன்னேன் மச்சான். நீங்க ஓடி வந்ததைப் பார்த்தவனே நான்தான். எனக்கு நினைவு தப்பவே இல்லை. பேனல் ரூம் கதவு பூட்டியிருந்துச்சு. நீங்க வாசல்ல நின்னு சட்டைப் பையைத் தடவினீங்க. அப்புறம் பேன்ட் பையை. அப்புறம் திரும்பவும் சட்டைப் பையை. அதுவரைக்கும் தண்டு சுத்திக்கிட்டேதான் இருந்துச்சு. அதையும் அவகிட்டச் சொன்னேன்."

சொல்லிட்டு, பரிமாறுற ஆளைக் கூப்பிட்டு, "இவருக்குப் பாயசம் வைப்பா"ன்னார்.

நான் இலையை மூடிட்டு எழுந்து வந்துட்டேன்.

அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லை சார். நான் நேராத்தான் ஓடினேன், நேராத்தான் தட்டினேன். கோர்ட்டுலயே சொல்லியிருக்கேன். ஆனா ரூம் பூட்டியிருந்தது நிஜம். பூட்டி வைக்கச் சொன்னது பிரபாகர் சார், வயர் இருக்கறது யார் கண்ணுலயும் படக் கூடாதுன்னு. சாவி என்கிட்டதான் இருக்கும். வழக்கமா இடது பக்கம் சட்டைப் பையில வைப்பேன். அன்னைக்கு நான் எங்கேயும் நிக்கலை. நின்ன ஞாபகமே எனக்கு இல்லை. அன்னைக்குப் போட்டிருந்தது அந்தக் காக்கிச் சட்டைதான், அதுல ரெண்டு பை உண்டு, ரெண்டுக்கும் பட்டன்...

நீங்க இறங்கணுமா? கவரப்பேட்டை இன்னும் வரலை சார். இன்னும் ரெண்டு ஸ்டாப் இருக்கு. உட்காருங்க.